‘பொறுப்பு’ பிஷப்

1826, ஏப்ரல் 3. திங்கட்கிழமை. திருச்சி.

சித்திரை பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. திருச்சி வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லவேண்டாம். பொழுது விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற ஊர். அந்த விடிகாலையில் கோட்டைக்குள் இருந்த தேவாலயத்துக்கு ஒரு வெள்ளைக்கார விருந்தாளி வந்தார். கல்கத்தாவின் பிஷப். பெயர் ரெஜினால்டு ஹீபர். வயது நாற்பத்திரண்டு.

அது சுவார்ட்ஸ் பாதிரியார் கட்டிய கோயில். தமிழ்ச் சபை. ஆராதனையும் தமிழில்தான். ஹீபர் சிலருக்குத் திடப்படுத்தல் கொடுத்தார். பிறகு பக்கத்திலிருந்த மிஷன் வீட்டில் பள்ளிக்கூடக் கணக்கு வழக்குகளை விசாரித்தார். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. வெளியே வந்தார். சபை மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கேட்டது பணமோ கட்டடமோ அல்ல.

‘‘எங்களுக்கு ஒரு பாதிரியார் வேண்டும்.’’

திருச்சியில் பல வருடங்கள் ஊழியம் செய்த போலே என்கிற ஜெர்மன் பாதிரியார் 1818ல் இறந்துபோயிருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சபைக்கென்று சரியாக ஒருவர் வாய்க்கவில்லை. ஹீபர் பொறுமையாகக் கேட்டார். உடனே ஏற்பாடு செய்கிறேன் என்றார். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருக்கும் ஸ்ரைஃபோகல் திருச்சிக்கு வர விரும்புகிறார், அவரையே போடுகிறேன் என்று பெயரைச் சொல்லியே வாக்குக் கொடுத்தார்.

அப்புறம், தங்கியிருந்த நீதிபதி வீட்டுக்குத் திரும்பினார். வளாகத்தில் குளிப்பதற்கென்று கட்டிய தொட்டி ஒன்று உண்டு. நல்ல ஆழம். அதில் இறங்கினார். வெகுநேரம் ஆகியும் சத்தம் இல்லை. வேலைக்காரர் கதவைத் திறந்து பார்த்தபோது பிஷப் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார். தூக்கி எடுத்து என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பலனில்லை. மறுநாள் திருச்சி செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

‘எங்களுக்கு ஆள் வேண்டும்’ என்று சனங்கள் கேட்கிறார்கள். ‘போடுகிறேன்’ என்கிறார் அதிகாரி. சில மணி நேரத்தில் அந்த அதிகாரியின் நாற்காலியே காலி! இதைத் தனியொரு சோகக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்த நாற்காலி காலியானது அது முதல் தடவையும் அல்ல, கடைசித் தடவையும் அல்ல. பத்து வருடத்துக்குள் நாலு முறை!

கொஞ்சம் பின்னால் போகலாம்.

கிழக்கிந்திய கம்பெனி, வியாபாரம் செய்ய வந்த கம்பெனி. பாதிரியார் என்பது அதன் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம். கோட்டைகளில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் செய்ய ‘சாப்ளின்’ என்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். (சார்லி ஞாபகம் வேண்டாம். இது ராணுவத்துக்கும் கோட்டைக்கும் உரிய பாதிரியாரின் உத்தியோகப் பெயர்.) 1698ஆம் வருட சாசனம் கம்பெனிக்கு ஒரு நிபந்தனை போட்டது. 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கப்பலிலும் ஒரு சாப்ளின் இருக்கவேண்டும்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? வருடக்கணக்காக, தான் வாடகைக்கு எடுத்த கப்பல்களைக் காகிதத்தில் 499 டன் என்று எழுதிக்கொண்டது! உள்ளபடி பல கப்பல்கள் அதைவிடப் பெரியவை. ஒரு டன்னில் ஒரு பாதிரியார் சம்பளம் மிச்சம். பி.காம். படித்தவன் என்கிற முறையில் அந்தக் கணக்குப்பிள்ளையை எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

ஆக, பாதிரியார் பற்றாக்குறை என்பது ஆரம்பத்திலிருந்தே உண்டு. பாதிரியார் இல்லாத ஊரில் வெள்ளைக்காரர் யாராவது செத்தால், கலெக்டரோ பட்டாளத்து அதிகாரியோ ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துப் புதைத்துவிட்டு வருவார். பிஷப்? இந்தியாவில் ஆங்கிலிகன் பிஷப்பே கிடையாது. மெட்ராஸ் கோட்டையில் செயின்ட் மேரீஸ் ஆலயம் பிரதிஷ்டையான வருடம் 1680. முதல் பிஷப் வந்து இறங்கியது 1814ல். நடுவில் 134 வருடம்.

அதுவும் சுலபத்தில் நடக்கவில்லை. 1806ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த பிறகு, மதம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கும். ‘பிஷப்பை அனுப்பினால் ஊரே கொந்தளிக்கும்’ என்றார்கள். கடைசியில் 1813 சாசனச் சட்டம் இடம் கொடுத்தது. கல்கத்தாவில் ஒரு பிஷப். கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மூன்றுக்கும் ஆளுக்கொரு ஆர்ச்டீக்கன். பிஷப்புக்கு அடுத்த படியில் நிர்வாகத்தைப் பார்க்கிறவர்.

சம்பளத்தையும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிஷப்புக்கு வருடம் 5,000 பவுண்டு, ஆர்ச்டீக்கனுக்கு 2,000. பதவியை ஏற்று வேலையைத் தொடங்கிய நாள் முதல்தான் சம்பளம். பதினைந்து வருடம் இந்தியாவில் பணி முடித்தால் பென்ஷனும் உண்டு. பிஷப்புக்கு 1,500 பவுண்டு. அந்தப் பதினைந்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிஷப் தாமஸ் மிடில்டன். 1814 மே மாதம் லண்டன் லாம்பெத் அரண்மனையில் கூட்டம் கூட்டாமல் அவருக்கு அபிஷேகம் செய்தார்கள். அன்றைய பிரசங்கத்தை அச்சடிக்கக்கூட இல்லை. இந்தியாவில் கலவரம் வந்துவிடுமாம்! நவம்பரில் கல்கத்தாவில் இறங்கினார். கலவரமும் இல்லை, வரவேற்பும் இல்லை.

அவருக்குக் கொடுத்த எல்லையைப் பாருங்கள். கம்பெனியின் இந்தியா முழுக்க. சில வருடங்களில் இலங்கையும் சேர்ந்தது. அவருக்குப் பின் 1824ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸையும் கல்கத்தா பிஷப்பின் கீழேயே போட்டுவிட்டார்கள். சிட்னியில் ஒரு பாதிரியார் தகராறு என்றால் மேல்முறையீடு ஹூக்ளி நதிக்கரைக்கு வரவேண்டும்!

அதிகாரமோ அரைகுறை. எந்தச் சாப்ளின் எந்த ஊருக்குப் போவது என்பதை கவர்னர் ஜெனரலின் அரசாங்கம் முடிவு செய்யும். பிஷப் லைசென்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான். மிடில்டன் இதற்காகக் கடைசிவரை மல்லுக்கு நின்றார். இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்தியர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தனக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று அவர் கருதினார். தன்னுடைய நியமனப் பத்திரம் பிரிட்டிஷ் பிரஜைகளைப் பற்றித்தான் பேசுகிறது என்பது அவர் வாதம்.

1822 ஜூலை 8ந் தேதி மிடில்டன் கல்கத்தாவில் இறந்தார். எட்டாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அடுத்தபடியாக இருந்த கல்கத்தா ஆர்ச்டீக்கன் லோரிங்கும் அதே வருடம் இறந்தார். மேலேயும் காலி, கீழேயும் காலி.

இனிதான் விஷயமே. ஒரு பிஷப் இறந்தால் அடுத்தவர் எப்படி வருவார்? செய்தி கப்பலில் லண்டன் போக ஐந்தாறு மாதம். அங்கே சிபாரிசு, மறுப்பு, பேரம். ஆள் கிடைத்ததும் அபிஷேகம். பிறகு கப்பல் பிடித்து வர மறுபடி ஐந்தாறு மாதம். இங்கேயே ஒருவரை பிஷப்பாக்கிவிட முடியாதா? முடியாது. ஒரு பிஷப்பை உண்டாக்க மூன்று பிஷப்புகள் கை வைக்கவேண்டும் என்பது சபையின் பழைய முறை. இந்தியாவில் இருந்ததே ஒன்று. அவரும் போய்விட்டார்.

ஹீபர் 1823 அக்டோபரில் வந்தார். 1826 ஏப்ரலில் திருச்சியில் முடிந்தது. அடுத்தவர் ஜான் தாமஸ் ஜேம்ஸ். 1828 ஜனவரியில் வந்தார். உடம்பு சரியில்லாமல், கடல் காற்று நல்லது என்று கப்பல் ஏற்றினார்கள். ஆகஸ்டில் நடுக்கடலில் இறந்தார். எட்டு மாதம்கூட இல்லை. அடுத்தவர் ஜான் மத்தியாஸ் டர்னர். 1829 டிசம்பரில் வந்து 1831 ஜூலையில் இறந்தார். அடுத்து டேனியல் வில்சன் கல்கத்தாவில் இறங்கியது 1832 நவம்பரில்.

என் பழைய படிப்பு சும்மா இருக்க விடவில்லை. காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மிடில்டன் இறந்த நாளிலிருந்து வில்சன் வந்த நாள் வரை சுமார் 124 மாதம். அதில் நாற்காலி காலியாக இருந்த இடைவெளிகள் முறையே சுமார் 15, 21, 15, 16 மாதங்கள். துண்டு துக்காணிகளையும் சேர்த்தால் 68. பாதிக்கு மேல் பிஷப்பே இல்லை! வருடம் 5,000 பவுண்டு வீதம் அந்த 68 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 28 ஆயிரம் பவுண்டுக்கு மேல் வருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, வெறும் காகிதக் கணக்குதான். ஆனாலும் 499 டன் எழுதிய கணக்குப்பிள்ளை இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

அந்த 1,500 பவுண்டு பென்ஷன்? நாலு பேரில் ஒருவரும் பதினைந்து வருடத்தில் பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்கு மேல் போகவில்லை. போனவரும் மிடில்டன் மட்டுமே.

நான் கணக்கு வைத்திருந்த ஒரு வங்கிக் கிளையில் ஒரு சமயம் எட்டு மாதம் மேனேஜர் கிடையாது. ‘இன்-சார்ஜ்’ என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். தங்கமான மனுஷர். வணக்கம் சொல்வார், நாற்காலி போடுவார், டீ வரவழைப்பார். லோன் என்று வாயைத் திறந்தால் மட்டும், ‘‘எனக்கு பவர் இல்லை சார், ரெகுலர் மேனேஜர் வரட்டும்’’ என்பார். நம்ம ஊர் அரசு அலுவலகப் பெயர்ப்பலகைகளிலும் பார்த்திருப்பீர்களே, பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று!

கல்கத்தாவின் அந்தப் ‘பொறுப்பு’ மனிதர் டேனியல் காரி.

1806ல் கம்பெனி சாப்ளினாக வந்தவர். வட இந்தியாவில் சுனார், ஆக்ரா என்று வேலை பார்த்தவர். இந்துஸ்தானி தெரியும். 1823ல் ஹீபர் வந்ததும் இவரைக் கல்கத்தா ஆர்ச்டீக்கன் ஆக்கினார். அதற்குப் பிறகு ஹீபர் இறந்தபோதும், ஜேம்ஸ் இறந்தபோதும், டர்னர் இறந்தபோதும் இவர்தான் பொறுப்பு. கடிதங்களுக்குப் பதில் எழுதலாம். சாப்ளின்களைக் கண்காணிக்கலாம். சண்டை தீர்க்கலாம். ஆனால் பிஷப்புக்கு மட்டுமே உரிய மூன்று காரியங்களை அவர் தொடக்கூடாது. குருப்பட்டம் கொடுப்பது, திடப்படுத்தல் கொடுப்பது, கோயிலைப் பிரதிஷ்டை செய்வது.

கேட்க சின்ன விஷயமாக இருக்கும். காத்திருந்தவர்களுக்கு அப்படி இல்லை.

கிறிஸ்டியன் டேவிட் என்று ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். சுவார்ட்ஸிடம் படித்தவர். 1801 முதல் யாழ்ப்பாணத்தில் ஊழியம். பிரசங்கம், பள்ளிக்கூடம், சபை பராமரிப்பு எல்லாம் அவர் தோளில். ஆனால் ஆங்கிலிகன் முறைப்படி குருப்பட்டம் கிடையாது. மிடில்டன் இருந்தவரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. மிடில்டன் போனார், நாற்காலி காலி. 1823ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, இந்தியாவில் உள்ளவர்களுக்கும் கல்கத்தா பிஷப் பட்டம் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. ஹீபர் வந்தார். 1824ல் டேவிட் யாழ்ப்பாணத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கடல் கடந்து போய்ப் பட்டம் வாங்கினார். ஆங்கிலிகன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இந்தத் தமிழர்தான். ஊழியம் தொடங்கி இருபத்துமூன்று வருடம் கழித்து!

ஹீபர் வருவதற்கு இன்னும் இரண்டு வருடம் தாமதமாகியிருந்தால்? அல்லது ஜேம்ஸைப் போல வந்த எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்திருந்தால்? டேவிட் இன்னொரு நாலு வருடம் காத்திருந்திருப்பார். பட்டம் கொடுக்க மனசு இருக்கிற பிஷப்பும், கொடுக்க விடுகிற சட்டமும், இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற காலமும் ஒன்றாகச் சேரவேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய விவகாரம் ஒன்று தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் புகைந்துகொண்டிருந்தது. சாதி. கோயிலுக்குள் தனித்தனி இடம், நற்கருணை வாங்குவதில் முன்பின் வரிசை. பழைய ஜெர்மன் பாதிரிமார்கள் கொஞ்சம் கண்டும் காணாமலும் விட்டுவைத்திருந்தார்கள். புதிதாக வந்த பாதிரிமார்கள் கூடாது என்றார்கள். சபையில் சண்டை.

ஹீபர் தன் கடைசிப் பயணத்தில் இதைக் கையில் எடுத்தார். 1826 மார்ச் 21ந் தேதி சிதம்பரத்திலிருந்து ஒரு கடிதம் எழுதி விவரம் கேட்டார். யாருக்குத் தெரியுமா? அதே ஸ்ரைஃபோகலுக்கு! சாதி என்பது இங்கே மதச் சடங்கா, இல்லை சமூக அந்தஸ்தா என்று தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. மார்ச் 26 ஈஸ்டர் அன்று தஞ்சாவூரில் இருந்தார். ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். சரபோஜி மன்னரைச் சந்தித்தார். ஏப்ரல் 3ல் எல்லாம் நின்றுபோனது.

கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. நடுவில் இரண்டு பிஷப்புகள் வந்து இறந்தார்கள். முடிவான உத்தரவு 1833ல் டேனியல் வில்சனிடமிருந்து வந்தது. ஹீபரின் விசாரணைத் தொனி அதில் இல்லை. சபைக்குள் சாதி உறுதியாக, உடனடியாக, ஒரேயடியாக ஒழியவேண்டும் என்பது சாரம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எழுந்து வெளியே போனார்கள். சரபோஜியின் அன்புக்குரிய புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்ப்புக் குரலில் முன்னால் நின்றார்.

கொள்கையில் நான் வில்சன் பக்கம்தான். ஒரே கிண்ணத்தில் குடிக்க மறுக்கிறவர்களுக்காக வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஏழு வருடத்தையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர், ‘பெரியவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்’ என்று நம்பியிருப்பார். முன்வரிசைக்காரர், ‘பெரியவரே ஒன்றும் சொல்லவில்லை’ என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பெரியவர் திருச்சியில் புதைந்துகிடந்தார்.

இந்த வில்சன் எப்படி வந்தார் என்பது தனிக் கதை. டர்னர் இறந்த செய்தி லண்டனுக்குப் போனபோது, ‘கல்கத்தா பிஷப்’ என்றாலே பலர் பின்வாங்கினார்கள். இருக்காதா பின்னே? போன நாலு பேரும் பிணம்! இஸ்லிங்டனில் பாதிரியாராக இருந்த வில்சன், இந்திய விவகாரங்களுக்கான போர்டின் தலைவர் சார்லஸ் கிராண்டிடம் போய், ‘இவரைப் போடுங்கள், அவரைப் போடுங்கள்’ என்று சிபாரிசு செய்துகொண்டிருந்தார். சிபாரிசு செய்யப்பட்டவர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், ‘யாரும் கிடைக்காவிட்டால் நான் போகிறேன்’ என்று தன்னையே கொடுத்துவிட்டார். அப்போது ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் இந்தியா தாங்குமா என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். மனுஷர் இருபத்தைந்து வருடம் தாங்கினார்! 1858 ஜனவரியில்தான் கல்கத்தாவில் இறந்தார். முன்னால் வந்த நாலு பேரின் காலத்தையும் கூட்டினால்கூட அதில் பாதிதான் தேறும்.

எனக்கு ஒரு கேள்வி. இத்தனை பேரைத் தேடினார்களே, இருபது வருடத்துக்கு மேலாக இங்கேயே இருக்கிற, மூன்று தடவை பொறுப்பு வகித்த, இந்த வெயிலில் சாகாமல் இருப்பதை நிரூபித்தே காட்டிய காரியை ஏன் கல்கத்தா பிஷப்பாகப் போடவில்லை? நியமனம் லண்டனில் நடந்தது. லண்டனுக்குத் தெரிந்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு அது ஒரு விதத்தில் லாபம். 1833 சாசனச் சட்டம் மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் தனித்தனி பிஷப் பதவியை உண்டாக்கியது. ஒரே ஆள் இவ்வளவு பெரிய தேசத்தைச் சுற்றியே சாகிறான் என்பது ஒரு வழியாக உறைத்திருந்தது. மெட்ராஸுக்கு முதல் பிஷப்பாகக் காரியைப் போட்டார்கள்.

மூன்று பிஷப்புகள் சேர்ந்து கை வைக்கவேண்டுமே! கல்கத்தாவில் வில்சன் ஒருவர்தானே? ஆக, காரி கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். 1835 ஜூனில் அபிஷேகம். திரும்பக் கப்பல். அக்டோபரில் மெட்ராஸ். அடைப்புக்குறி இல்லாத நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்தியாவுக்கு வந்து இருபத்தொன்பது வருடம்.

உடனே வேலையில் இறங்கினார். அவர் தொடங்கி வைத்த பள்ளி இன்றும் பாரிமுனைப் பக்கம் ‘பிஷப் காரி’ என்ற பெயரில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காரி யாரென்று தெரியுமோ! ஹீபருக்குத் திருச்சியில் கல்லூரியே உண்டு. சர்ச்சுகளில் பாடுகிற பாட்டுகள் சிலவும் அவர் எழுதியவை. இத்தனைக்கும் அவர் இந்தியாவில் இருந்தது இரண்டரை வருடம்.

சென்னை கதீட்ரல் ரோட்டில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குள் போனால் இரண்டு பேரையும் பார்க்கலாம். ஹீபர் சிற்பம், லண்டனில் அந்தக் காலத்தின் பெரிய சிற்பியான சான்ட்ரி செய்தது. காரிக்கும் ஒரு சிலை உண்டு. அந்தக் கட்டடத்தைப் பிரதிஷ்டை செய்தது மிடில்டன், 1816 ஜனவரியில்.

திருச்சிக்கு ஸ்ரைஃபோகல் வந்து சேர்ந்தார். ஹீபர் கொடுத்த கடைசி வாக்கு அது.

காரி மெட்ராஸ் பிஷப்பாக இருந்தது ஒன்றேகால் வருடம். 1836 டிசம்பரில் மனைவி இறந்தார். சில வாரம் கழித்து, 1837 பிப்ரவரி 5ந் தேதி அவரும் போய்விட்டார். மெட்ராஸ் நாற்காலி காலி என்ற செய்தி, வழக்கம்போல, லண்டனுக்குக் கப்பல் ஏறியது.